டோக்கியோவில் குடித்தனம்: முதல் சில மாதங்கள்

டோக்கியோவில் எல்லாக் காரியமும் முகவரியிலிருந்துதான் தொடங்கும். கையில் விசா இருக்கலாம், வேலை ஒப்பந்தம் இருக்கலாம். ஆனால் தங்கும் வீட்டின் முகவரி அரசுப் பதிவில் ஏறாதவரை வங்கிக் கணக்கு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, சொந்தப் பெயரில் கைப்பேசி இணைப்பு வாங்குவதும் கடினம். அதனால் இந்த அத்தியாயம் முகவரியில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிறவரை அவருடைய நிறுவனம் ஓரளவு பார்த்துக்கொள்ளும். கூடவே வருகிற மனைவிக்கோ கணவனுக்கோ குழந்தைக்கோ அப்படி யாரும் இல்லை. அவர்களுக்கு அந்த ஊரில் உள்ள ஆதரவு வார்டு அலுவலகம்தான். எனவே இந்தப் பக்கங்களை இருவரும் படியுங்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே படியுங்கள்.

பதிவு

மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவோடு நரீதாவிலோ ஹனேதாவிலோ இறங்கினால் குடியேற்றப் பரிசோதனை மேசையிலேயே ஒரு தங்கல் அட்டையைத் தருவார்கள். ஸைர்யூ கார்டு என்று பெயர். பதினாறு வயது நிரம்பியவர்கள் வெளியே போகும்போதெல்லாம் இதைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எதிர்க்கடையில் பால் வாங்கப் போனாலும் அப்படித்தான்.

வீடு கிடைத்துக் குடிபுகுந்த 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் வார்டு அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். டோக்கியோ நகரின் மையப் பகுதி 23 வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நம் ஊர் மாநகராட்சி வார்டை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் மன்றமும் உண்டு. குப்பை, நூலகம், தொடக்கப் பள்ளி, தடுப்பூசி எல்லாமே அவர்கள் பொறுப்பு. வார்டு அலுவலகத்தைக் குயாகுஷோ என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அங்கே தங்கல் அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை எழுதித் தருவார்கள். குடும்பத்தோடு போனால் இன்னார் மனைவி, இன்னார் குழந்தை என்று காட்டத் திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு தேவைப்படும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழைக் குழந்தையின் பெயரே இல்லாமல் வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. டோக்கியோவிலிருந்துகொண்டு அதில் பெயர் சேர்ப்பது பெரும் அலைச்சல். ஊரிலிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அன்றைக்கே அதே கட்டடத்தில் முடிக்க வேண்டிய வேறு வேலைகளும் உண்டு. நிறுவனக் காப்பீடு இல்லாதவர்கள் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும். குழந்தை இருந்தால் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இந்தத் தொகைக்கு வருமான வரம்பு கிடையாது. மூன்று வயது வரை மாதம் 15,000 யென், அதற்கு மேல் பதினெட்டு வயதை எட்டும் கல்வியாண்டு முடியும் வரை 10,000 யென். மூன்றாவது குழந்தை என்றால் 30,000. வெளிநாட்டவர் குழந்தைகளுக்கும் இது உண்டு. குடிவந்த 15 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். தாமதித்த மாதங்களுக்குப் பின்னால் கேட்டாலும் தரமாட்டார்கள்.

பதிவுக்குப் பிறகு 12 இலக்க ‘மை நம்பர்’ தபாலில் வரும். அதற்கான அட்டையையும் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். 2024 டிசம்பர் 2 முதல் பழைய காப்பீட்டு அட்டையைப் புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இந்த அட்டைதான் மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையாகவும் பயன்படுகிறது. அட்டை வாங்காதவர்களுக்குக் காப்பீட்டை உறுதிசெய்யும் தனிச் சான்று ஒன்று தரப்படும்.

வீடு

இந்தியர்கள் பலரும் முதலில் கேட்கும் பெயர் நிஷி-கசாய். எதோகவா வார்டில் தோசாய் ரயில் தடத்தில் உள்ள நிலையம். 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினித் துறையினர் இங்கே குடியேறத் தொடங்கினார்கள். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நிறைந்த ஒதெமாச்சிக்கு ஒரே ரயில், இருபது நிமிடத்துக்குள் பயணம் என்பது முக்கியக் காரணம். துவரம்பருப்பும் இட்லி அரிசியும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் படிக்க எதோகவாவிலும் பக்கத்து கோதோ வார்டிலும் இந்தியப் பள்ளிகள் இருக்கின்றன. பேச ஆள் கிடைக்கும். முதல் ஆண்டில் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் வீடு பார்க்கிற தரகர் இரண்டு விஷயங்களைச் சொல்லமாட்டார். தோசாய் தடம் காலை நேரத்தில் டோக்கியோவின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று. அதோடு, எதோகவா வார்டின் பெரும்பகுதி கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்த நிலம். 2019இல் அந்த வார்டே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், பெருவெள்ளம் வருமென்றால் இந்த வார்டுக்குள் இருக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். அதற்காக அங்கே குடிபோகக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். லட்சக்கணக்கானவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். வார்டின் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, தரைத்தளத்தைத் தவிர்த்து, மூன்றாவது மாடிக்கு மேலே எடுங்கள். கட்டடம் எந்த ஆண்டுக்கானது என்றும் கேளுங்கள். 1981 ஜூனில் நிலநடுக்கக் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதன்பின் அனுமதி பெற்ற கட்டடமாக இருப்பது நல்லது. ஜப்பானியர்களும் இதைக் கேட்டுத்தான் வீடு எடுக்கிறார்கள்.

செலவைப் பார்ப்போம். ஷிகிகின் என்பது முன்பணம், ஒன்று அல்லது இரண்டு மாத வாடகை. காலி செய்யும்போது கழித்துக்கொண்டு மிச்சம் தருவார்கள். ரெய்கின் என்பது வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தரும் ஒரு மாத வாடகை, திரும்ப வராது. இதற்கு மேல் தரகுத் தொகை, ஜாமீன் நிறுவனத்துக்கான கட்டணம், தீக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. குடிபுகும் அன்று நான்கிலிருந்து ஆறு மாத வாடகை கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். பல வீடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை போகும். வெளிநாட்டவர் என்றதும் மறுக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அது நடந்தால் மனம் தளராமல் யூஆர் எனப்படும் அரசு சார்ந்த குடியிருப்புகளைப் பாருங்கள். ரெய்கின் இல்லை, தரகு இல்லை, ஜாமீன் இல்லை, புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. கட்டடம் கொஞ்சம் பழையதாக இருக்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை யூஆர்தான்.

வாடகை வீட்டில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, அடுப்புகூட இருக்காது. அடுப்பு வாங்கும் முன் குழாய் எரிவாயுவா, சிலிண்டர் எரிவாயுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கான அடுப்பை மற்றதில் பொருத்துவது ஆபத்து. எரிவாயுவைத் திறந்துவிட நிறுவனத்தின் ஆள் நேரில் வருவார், அப்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். குடிபுகும் நாளுக்கே அந்த நேரத்தைப் பதிவு செய்யாவிட்டால் குளிர்காலத்தில் வெந்நீர் இல்லாமல் முதல் இரவு கழியும்.

மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் 230 வோல்ட்டுக்கு ஆனவை. நேரடியாகச் செருகினால் ஓடாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸியின் வாட் அளவைப் போல் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். சுவரிலுள்ள சாதாரணப் பிளக் 1,500 வாட்டுக்கு மேல் தாங்காது. மைக்ரோவேவும் கெட்டிலும் ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் மொத்த வீடும் அணைந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்புள்ள வீடு என்றால் அலுமினியக் குக்கர் உதவாது, அதற்கேற்ற அடிப்பாகம் உள்ளதைக் கொண்டுபோங்கள். சுவர்கள் மெல்லியவை. இரவு ஒன்பதுக்கு மேல் கிரைண்டர் ஓட்டாதீர்கள்.

குடிபுகுந்த வாரத்தில் இரண்டு பக்கத்து வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரு சின்னத் துண்டோ பிஸ்கட் பெட்டியோ கொடுத்து வணக்கம் சொல்வது அங்குள்ள வழக்கம். நகரத்தில் இது குறைந்து வருகிறது. ஆனாலும் செய்யுங்கள். குழந்தை அழும் வீடு, தாளிப்பு வாசனை வரும் வீடு யாருடையது என்று அவர்களுக்கு முகம் தெரிந்திருந்தால் புகார் சொல்ல மனம் எளிதில் வராது.

குப்பை

அக்கம்பக்கத்தார் உங்களை எடைபோடுவது குப்பையைப் பார்த்துத்தான். இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரியும் குப்பைக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், எரியாததற்கு மாதத்தில் இரண்டு நாள், தாளுக்கும் பாட்டிலுக்கும் தனி நாள். வார்டுக்கு வார்டு, தெருவுக்குத் தெரு இது மாறும். பதிவின்போது தரும் குப்பை நாள்காட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். உரிய நாளில் காலை எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் காக்கை கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கும். காகத்துக்காகத்தான் குப்பைமேல் வலை போட்டிருப்பார்கள், மறுபடி மூடிவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடியையும் சுற்றியுள்ள தாளையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். தவறாகப் பிரித்த பையை எடுக்காமல் காரணம் எழுதிய ஒட்டுச்சீட்டோடு விட்டுப்போவார்கள்.

வடை பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எண்ணெயைக் கட்டியாக்கும் பொடி எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். சூடாக இருக்கும்போது கலந்தால் ஆறியதும் இறுகிவிடும், எரியும் குப்பையில் போடலாம். மேசை, மெத்தை போன்ற பெரிய பொருளை எறிய முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். சிறிய பொருளென்றால் சில நூறு யென்தான். ஊருக்குத் திரும்பும் மாதத்தில் இந்த முன்பதிவு நாட்கள் நிரம்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டோக்கியோ ஒரு விருந்து. சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தாஷி. உலர்ந்த பொனிட்டோ மீனிலிருந்து எடுக்கும் சாறு. மிசோ சூப், உடோன் குழம்பு, வேகவைத்த காய்கறி, சில முட்டைப் பண்டங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் இதைக் கடைக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார், ஏனென்றால் அவர்கள் பார்வையில் அது சாறு மட்டுமே. மீன், தாஷி இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ரொட்டி வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு.

மளிகைக்கு நிஷி-கசாய் தவிர, உவேனோ பக்கத்திலும் ஷின்-ஒகுபோவிலும் இந்திய, வங்கதேச, நேபாளக் கடைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் இட்லி மாவு வெளியில் வைத்தால் பொங்காது. வெந்நீர்ப் பாத்திரத்தோடு மூடிய ஓவனுக்குள் வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவரும்போது காய், விதை எதற்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். இறைச்சிப் பண்டங்களுக்குத் தடை. மருந்து விஷயத்தில் கவனம் தேவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தில் ஒரு மாத அளவுக்கு மேல் வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் சில சளி, இருமல் மருந்துகளில் உள்ள கோடீன், சூடோஎஃபெட்ரின் போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. கிளம்பும் முன் ஒவ்வொரு மருந்தின் மூலப்பொருளையும் பாருங்கள்.

வீட்டில் இருப்பவரின் நாள்

காலை எட்டு மணிக்கு ஒருவர் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பும் வீட்டில், மற்றவருக்கு அந்தப் பதின்மூன்று மணி நேரமும் மொழி தெரியாத ஊர். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நன்றாகப் படித்து, வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இந்த நிலையில் நொறுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை ஒரு துணைத் தலைப்பாக அல்லாமல் இந்த அத்தியாயத்தின் மையமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழியில் தொடங்குங்கள். ஹிரகானாவும் கதகானாவும் சேர்ந்து அடிப்படை எழுத்துகள் தொண்ணூற்றிரண்டு. நம் 247ஐ எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு மாத வேலை, ஊரிலேயே முடித்துவிடலாம். கதகானாவை முதலில் படியுங்கள். கடைப் பெயர், உணவுப் பட்டியல், மருந்துப் பெட்டி எல்லாவற்றிலும் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களை அதில்தான் எழுதுவார்கள். போய்ச் சேர்ந்த பிறகு வார்டு அலுவலகத்தில் தன்னார்வலர் நடத்தும் ஜப்பானிய வகுப்புகளைப் பற்றிக் கேளுங்கள். இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் இல்லத்தரசிகளும் சொல்லித்தருவார்கள். மொழியைவிடப் பெரிய லாபம் அந்த அறிமுகம். பள்ளியிலிருந்து வரும் சீட்டை வாசித்துச் சொல்லவும், மருத்துவமனைக்குக் கூட வரவும் ஒரு ஜப்பானிய அம்மா கிடைத்துவிட்டால் பாதி டோக்கியோ கைக்கு வந்துவிட்டது.

குடும்ப விசாவில் வந்தவர் வேலை பார்க்க விரும்பினால் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி பெற வேண்டும். அனுமதியோடு வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அனுமதி வாங்காமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள், விசா நீட்டிப்பில் அது எழுந்து நிற்கும்.

குழந்தையை வார்டின் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாம், கல்விக் கட்டணம் இல்லை. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மதிய உணவு பள்ளியே தரும். சைவக் குழந்தைக்கு வீட்டிலிருந்து டப்பா கொடுத்தனுப்ப முடியுமா என்று சேர்க்கும்போதே பேசுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் தங்கும் எண்ணமிருந்தால் நான் உள்ளூர்ப் பள்ளியைத்தான் சொல்வேன். இரண்டு, மூன்று வருடத்தில் திரும்புவதாக இருந்தால் இந்தியப் பள்ளி.

கருவுற்றால் முதலில் வார்டு அலுவலகத்தில் தெரிவியுங்கள். தாய்-சேய் கையேடும், பரிசோதனைக்கான கட்டணச் சலுகைச் சீட்டுகளும் தருவார்கள். சாதாரணப் பிரசவத்துக்குக் காப்பீடு பொருந்தாது, அதற்குப் பதிலாக 2023 ஏப்ரலிலிருந்து 5,00,000 யென் ஒட்டுமொத்தமாகத் தரப்படுகிறது. டோக்கியோவில் செலவு இதைத் தாண்டவும் செய்யும். குழந்தை பிறந்த 14 நாளுக்குள் வார்டில் பதிவு, 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் தங்கல் அனுமதி. இந்த இரண்டாவது தேதியைப் பலர் தவறவிடுகிறார்கள்.

உடம்பும் பணமும்

காப்பீடு இருந்தால் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும். மாதச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மிச்சத்தைக் காப்பீடே ஏற்கும். 23 வார்டுகளிலும் குழந்தைகளுக்கு, உயர்நிலைப் பள்ளி வயது வரை, நீங்கள் கட்ட வேண்டிய பங்கையும் வார்டு கட்டிவிடும். ஜுரம் என்றதும் பெரிய மருத்துவமனைக்கு ஓடாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் பல பெரிய மருத்துவமனைகளில் முதல் வருகைக்குக் குறைந்தது 7,000 யென் தனியாக வாங்குவார்கள். தெருமுனைச் சிறு மருத்துவமனைதான் சரியான வாசல். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, காவலருக்கு 110.

சம்பளத்தில் இருந்து பிடிக்கும் குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தின்மேல் சுமார் 10 சதவீதம். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில் அது இருக்காது. இரண்டாம் ஆண்டு ஜூனில் தொடங்கும்போது கைச்சம்பளம் திடீரென்று குறையும். முதல் ஆண்டிலேயே ஒதுக்கி வையுங்கள். நிறுவனத்தால் இந்தியாவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள்ளான பணிக்கு அனுப்பப்படுகிறவர்கள், இந்திய வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் ஜப்பானிய ஓய்வூதியச் சந்தாவிலிருந்து விலக்குப் பெறலாம். 2016 அக்டோபர் 1 முதல் இரு நாட்டுக்கும் இடையே இந்த ஒப்பந்தம் நடப்பில் உள்ளது. கிளம்பும் முன் மனிதவளத் துறையில் கேட்டு வாங்குங்கள். ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவும் மறக்க வேண்டாம்.

நிலநடுக்கம்

கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறினால், அடுத்த சில நொடிகளில் பெரிய அதிர்வு வரப்போகிறது என்று பொருள். மேசைக்கு அடியில் போங்கள், தலையைக் காப்பாற்றுங்கள், வெளியே ஓடாதீர்கள். அதிர்வு பலமாக இருந்தால் எரிவாயு மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்ளும். பிறகு மீட்டரிலுள்ள பொத்தானை அழுத்தித் திறக்க வேண்டும், அது வாசலுக்கு வெளியே எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உயரமான அலமாரிகளைக் கூரையோடு முட்டுக்கொடுக்கும் கம்பிகள் வாங்கிப் பொருத்துங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான தண்ணீர், டார்ச், மருந்து, பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் ரொக்கம் ஒரு பையில் வாசலருகே இருக்கட்டும். உங்கள் தெருவுக்கான புகலிடம் எந்தப் பள்ளி என்று குழந்தையோடு ஒருமுறை நடந்துபோய்ப் பாருங்கள்.

பெரிய நிலநடுக்கத்தின்போது ரயில் நிற்கும், கைப்பேசி இணைப்புக் கிடைக்காது. அப்போது 171 என்ற எண்ணை அழைத்து, குடும்பத்தார் முன்பே பேசிவைத்த ஒரு தொலைபேசி எண்ணின் பேரில் நலமாக இருக்கிறோம் என்று குரலில் பதிந்துவைக்கலாம். மற்றவர் அதே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் இதைப் பழகிப் பார்க்கத் திறந்துவைக்கிறார்கள். அடுத்து வரும் அந்த நாளில் அலுவலகம் போகிறவரும் வீட்டில் இருக்கிறவரும் ஆளுக்கொரு முறை பதிந்து, ஆளுக்கொரு முறை கேட்டுப் பாருங்கள்.